சுவரில் நீர்விடும் நாய்: ஒரு விளக்கவுரைப் பைபிள்

அடிக்குறிப்புகளோடு வந்த இந்த விளக்கவுரைப் பைபிளை ஆறு மாதமாகப் புரட்டுகிறேன். வாங்கியதே 1 சாமுவேல் 25:22 வசனத்துக்காகத்தான். தாவீது கோபத்தில் 'சுவரில் நீர்விடும் ஒரு நாயை'க்கூட உயிரோடு விடமாட்டேன் என்கிறான். நாய் எங்கிருந்து வந்தது? மூல எபிரெயத்தில் நாயே இல்லையாம். 'சுவரில் சிறுநீர் கழிப்பவன்' என்றால் ஆண்பிள்ளை, அவ்வளவுதான். இந்தத் தொடர் ஆறு இடங்களில் வருகிறது. ஒரு வீட்டின் ஆண்களைப் பூண்டோடு அழிப்பதைப் பற்றிப் பேசும்போதுதான் எப்போதும். 1611 ஆங்கிலப் பைபிள் கூசாமல் அப்படியே போட்டது. நம் பழைய மொழிபெயர்ப்பு நாயைக் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்றியது! அடிக்குறிப்பு இதைப் பளிச்சென்று சொல்கிறது.

முந்தைய அதிகாரத்தில் நேர்மாறு. குகைக்குள் சவுல் ராஜா 'கால்களை மூடப் போனான்' என்று எபிரெயம் நாசூக்காகச் சொல்ல, தமிழ் 'மலஜலாதி' என்று போட்டு உடைக்கிறது. இதற்கும் நல்ல குறிப்பு உண்டு.

குறை? பைபிளின் காதல் பாட்டான உன்னதப்பாட்டுக்கு வந்ததும் உரையாசிரியருக்கு வெட்கம் வந்துவிட்டது, எல்லாம் உருவகமாம். அப்புறம் அடிக்குறிப்பு எழுத்து எறும்பு சைஸ். பூதக்கண்ணாடியோடுதான் உட்காருகிறேன்.