ஆங்கி செயலியோடு மூன்று வருடம்

ஆங்கிலச் சொல்வளத்துக்காக ஆங்கி செயலியில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள் என்று கார்டுகளாக வைத்து, மறக்கும் முன் திரும்பத் திரும்பக் காட்டும் செயலி அது. மனப்பாடம் என்பதற்கான ஜப்பானியச் சொல்தான் அதன் பெயர். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு கேட்கும். பார்வைக்கு லட்சணம் குறைவு, பழகிவிடும்.

முதல் வருடம் வீண் என்றே சொல்வேன். யாரோ தொகுத்த 5,000 சொற்களை இறக்கி, தினம் 20 புதுச்சொல் என்று செயலியே வைத்திருந்த அளவில் ஓட்டினேன். மூன்றாம் மாதம் தினமும் 200 கார்டு திருப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. நாலு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தால் மலைபோல் பாக்கி.

படிக்கும்போது சொற்கள் புரிந்தன, அதை மறுக்க மாட்டேன். எழுதும்போதுதான் மானம் போனது. 'நோட்டோரியஸ்' கார்டின் பின்பக்கம் 'பெயர்போன' என்று இருந்தது. அதை நம்பி, எங்கள் மேலாளர் நேரம் தவறாமைக்கு 'நோட்டோரியஸ்' என்று பாராட்டி மெயில் போட்டுவிட்டேன். "ஏம்ப்பா, நேரத்துக்கு வர்றது அவ்வளவு பெரிய குத்தமா?" என்றார். தமிழில் நல்லதற்கும் பெயர்போகலாம். அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் மட்டும்தான்.

அன்றே மொத்தக் கார்டுக் கட்டையும் அழித்தேன். இப்போது தினம் 5 சொல். வாசிப்பில் நானே எதிர்கொண்டவை மட்டும், அதுவும் முழு வாக்கியமாக, சொல் வரும் இடத்தைக் காலியாக விட்டு. 'மிட்டிகேட்' (பாதிப்பைத் தணிப்பது) என்றால் 'ரிஸ்க்', 'டேமேஜ்', 'இம்பாக்ட்' எல்லாம் கூடவே வரும். அதோடு குழம்பும் 'மிலிட்டேட்' (ஒன்றுக்கு எதிராக வேலை செய்வது) பெரும்பாலும் 'அகெய்ன்ஸ்ட்' கையைப் பிடித்துக்கொண்டே வரும். இந்தக் கூட்டாளிகளைப் பிடித்தபிறகுதான் சொல் கைக்கு வந்தது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியல் ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் உதவும். அடிப்படையான 2,000 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும்) ஒதுக்கிவிட்டு, பாடநூல்களிலும் ஆய்வுகளிலும் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை மட்டும் எடுத்திருக்கிறார். 2023 கடைசியில் ஆங்கிக்குள் வந்த எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற, எந்தக் கார்டை எப்போது திரும்பக் காட்டலாம் என்று முடிவுசெய்யும் புதிய கணக்கீட்டையும் இயக்கிவிடுங்கள். எனக்குத் தினசரிச் சுமை நன்றாகவே குறைந்தது.

ஒரு கார்டில் 8 முறை சறுக்கினால் ஆங்கி அதை 'லீச்' என்று முத்திரை குத்தும். கார்டு, ரத்தம் உறிஞ்சும் லீச், தமிழில் இரண்டுமே அட்டைதான், பொருத்தம் பாருங்கள்! 'இன்ஜீனியஸ்' (சாமர்த்தியமான), 'இன்ஜென்யுவஸ்' (கள்ளமில்லாத) ஜோடி இன்னும் என்னை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்றும் மாற்றித்தான் சொன்னேன்.