எம்பாஸிங் செய்த அட்டைகள் சில வருஷம் கழித்து எப்படி இருக்கின்றன?

எழுத்தையோ வடிவத்தையோ காகிதத்தில் மேடாக எழுப்புவதுதான் எம்பாஸிங். வாழ்த்து அட்டைகளில் அதைச் செய்வது எப்படி என்று காட்டும் வீடியோக்களுக்குக் குறைவில்லை. எல்லாமே அட்டை புதுசாகப் பளபளக்கும் அந்த நிமிஷத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்த அட்டை யாரோ ஒருவர் வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் போகிறது, இல்லையென்றால் ஆல்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் போகிறது. சென்னையின் ஈரக்காற்றில் பல மழைக்காலங்களைக் கடக்கிறது. அந்தப் பிற்காலத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால், நான் எப்போதோ கொடுத்த அட்டையை எடுத்துவரச் சொல்லி விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். மேடு அப்படியே இருக்கிறதா, அமுங்கிவிட்டதா என்று விரலுக்குத்தான் சரியாகத் தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டைக்கு, பவுடரைச் சூட்டில் உருக்கி மேடாக்கும் ஹீட் எம்பாஸிங். ஆல்பப் பக்கத்துக்கு, காகிதத்தையே கையால் அழுத்தி மேடாக்கும் ட்ரை எம்பாஸிங். காகிதத்தை அழுத்தி வடிவம் பதிக்கும் மெஷினும் அதற்கான பிளாஸ்டிக் அச்சான ஃபோல்டரும் பின்னணிக்கு மட்டும். ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் மெஷினைத் தள்ளிவைத்துவிட்டு, சூடான காற்று விடும் ஹீட் டூல் வாங்குங்கள்.

ஹீட் எம்பாஸிங் நமக்குப் புதிதல்ல. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் தங்க நிறத்தில் மேடாக இருக்குமே, அந்த வேலையை அச்சகங்களில் தெர்மோகிராஃபி என்பார்கள். மை காய்வதற்குள் அதன்மேல் பிசின் பவுடர் விழும். ஒட்டாத பவுடரை மெஷின் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காகிதம் சூடேற்றிய பகுதி வழியாகப் போகும்போது பவுடர் உருகி எழுத்து எழும்பி நிற்கும். நாம் வீட்டில் செய்வதும் இதேதான். தாமதமாகக் காயும் பிக்மென்ட் மையிலோ, நிறமில்லாத வெர்சாமார்க் மாதிரி வாட்டர்மார்க் மையிலோ ஸ்டாம்ப் அடித்து, பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட்டு, சூடு காட்டுகிறோம். ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் மை இதற்கு உதவாது. அது காகிதத்துக்குள் இறங்கிவிடுவதால் பவுடர் திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும்.

ஹேர் ட்ரையரால் செய்யலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் காற்று அதிகம், சூடு குறைவு. பவுடர் உருகுவதற்கு முன்னால் பறந்துவிடும். பெயின்ட் உரிக்கப் பயன்படும் ஹார்டுவேர் கடை ஹீட் கன் இதற்கு நேர் எதிர். 500 டிகிரி வரைக்கும் போகும், காகிதம் கருகிவிடும். மெதுவாகக் காற்று விட்டு நன்றாகச் சூடு தரும் கிராஃப்ட் ஹீட் டூல்தான் சரி. அதை அட்டைக்கு எட்டத்தில் பிடித்துப் பத்துப் பதினைந்து நொடி சூடாக்கிவிட்டு அப்புறம் கிட்டே கொண்டுபோக வேண்டும். சூடேறாத டூலைக் கிட்டே வைத்தால் அதிலிருந்து வரும் முதல் காற்றே பவுடரைக் கலைத்துவிடும்.

பவுடர் உருகும் தருணம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். உறைந்த நெய் இளகுவது போல மங்கல் போய் ஒரு பளபளப்பு ஓடும். அது ஓடிய இடத்திலிருந்து டூலை உடனே நகர்த்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் காட்டினால் நல்லா இருக்கும் என்று நினைத்தால், பிசின் காகிதத்துக்குள் இறங்கி மேடு தட்டையாகிவிடும். ஓரத்தில் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு நிழலும் படியும். அன்றைக்கு அது லேசாகத்தான் தெரியும், வருஷம் போகப் போக நன்றாகவே தெரியும். அளவாகச் சூடு பட்ட கோடுகளோ பீரோவில் கிடந்தாலும் மேடு இறங்காமல் இருக்கின்றன. காகிதம் ஈரத்தில் இளகினாலும் மேலே இருப்பது உறைந்த பிசின் என்பதால் அதன் உருவம் கெடுவதில்லை. அட்டைக்கு இதையே சொல்வதற்கு இதுதான் காரணம்.

நம் ஊரில் இதன் பெரிய எதிரி ஈரம். பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கார்த்திகை, மார்கழியில் செய்கிறோம். வடகிழக்குப் பருவமழையால் காகிதம் தொட்டாலே நமுத்திருக்கும் காலம் அது. அந்தக் காகிதத்தில் சூடு பட்டதும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வரும், உருகிய பவுடரில் சின்னச் சின்னக் குழிகள் விழும். இதற்கு வழி எளிது. ஸ்டாம்ப் அடிப்பதற்கு முன்னால் வெறும் காகிதத்தை ஹீட் டூலால் ஒருமுறை சூடாக்கி, ஆறவிட்டு, பிறகு வேலையைத் தொடங்க வேண்டும். எந்தப் பவுடர் பாக்கெட்டிலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் என் அனுபவத்தில் வேறு எந்தக் குறிப்பையும்விட அதிகமாகப் பலன் தந்தது இதுதான். பவுடர் டப்பாக்களை மூடி இறுக்கமான பெரிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். கட்டி தட்டுவதே இல்லை.

அடுத்தது ஃபேன். பவுடர் தூவும்போது நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினால் வியர்க்கும். வியர்த்த விரல் பட்ட இடமெல்லாம் பவுடர் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு அட்டையில் வெள்ளைப் பவுடர் தூவினால் விரல்ரேகையே தெரியும்! அதனால் இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்கிறேன். கையின் கீழே ஒரு தாளைப் போட்டுக்கொண்டு அட்டையின் ஓரத்தை மட்டும் தொடுவேன். ஸ்டாம்ப் அடிக்கும் முன் அட்டை முழுக்க ஆன்டி ஸ்டேட்டிக் பையால் ஒற்றி எடுத்தால் பவுடர் மை உள்ள இடத்தில் மட்டும் நிற்கும். மெல்லிய பருத்தித் துணியில் டால்கம் பவுடரை முடிந்து வைத்தாலே அந்தப் பை தயார். அப்படியும் ஒன்றிரண்டு துகள் தப்பி ஒட்டும். சூடு காட்டுவதற்கு முன்னால் காய்ந்த மெல்லிய பிரஷால் தள்ளிவிடலாம். உருகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். பிசின் வாசனை மூடிய அறையில் தலைவலி தரும்.

வாங்கும்போது நிறம் நிறமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். நிறமில்லாத கிளியர் பவுடர் ஒன்று, வெள்ளை ஒன்று, தங்கம் ஒன்று. இவை மூன்றும் போதும். எந்த நிறப் பிக்மென்ட் மையின் மேல் கிளியர் பவுடர் போட்டாலும் அந்த நிறமே மேடாக வந்துவிடும். வாட்டர்கலர் பேப்பரில் கிளியர் பவுடரால் ஓர் உருவம் எழுப்பி, அதன்மேல் தாராளமாகக் கலர் ஓட்டிப் பாருங்கள். பிசின் உள்ள இடத்தில் கலர் ஏறாது, கோடுகள் வெள்ளையாகவே நிற்கும். செலவில்லாமல் இவ்வளவு அழகு தரும் உத்தி வேறு இல்லை என்பேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அட்டை மடியும் இடத்தில் பவுடர் வரவே கூடாது. திறந்து மூட மூட அந்த இடத்தில்தான் முதல் விரிசல் விழுகிறது.

பவுடரில் ‘டீட்டெயில்’ என்று குறிப்பிட்ட நைசான ரகம் இருக்கிறது. தமிழ் எழுத்துக்கு அதுதான் வேண்டும். கடைகளில் கிடைக்கும் வாழ்த்து ஸ்டாம்ப்கள் பெரும்பாலும் ஆங்கிலம். ‘பொங்கல் நல்வாழ்த்துகள்’ வேண்டுமென்றால் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் சொல்லிச் செய்துகொள்கிறோம். அப்போது எழுத்தைச் சின்னதாக வைத்துவிட்டால் கொரகொரப்பான பவுடர் உருகி ‘ங்’, ‘ழ்’ மேலுள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். ‘ண’, ‘ன’ சுழிகள் அடைந்துபோகும். எழுத்தின் உயரம் 6 மி.மீ.க்குக் குறையாமல், கோடு ஒரே சீராக, புள்ளி சற்றுத் தள்ளி இருக்கும் எழுத்துருவாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் கணினியில் முதலில் காட்டுவது தடித்த எழுத்தாகத்தான் இருக்கும், அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இனி ட்ரை எம்பாஸிங். மையும் கிடையாது பவுடரும் கிடையாது, காகிதத்தையே அழுத்தி மேடாக்குவது. பிக் ஷாட் போன்ற கைப்பிடி சுற்றும் மெஷினில், இரண்டு பக்கமும் பொருந்தும் வடிவம் கொண்ட பிளாஸ்டிக் ஃபோல்டருக்குள் காகிதத்தை வைத்து உருட்டினால் ஒரே நொடியில் அட்டை முழுக்க வடிவம் வந்துவிடும். பார்க்க ஆசையாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் வெளிநாட்டு ஃபோல்டர்கள் பெரும்பாலும் 4.25 x 5.5 அங்குலம், அதாவது 108 x 140 மி.மீ. நாம் ஏ4 தாளை இரண்டாக வெட்டி மடித்தால் கிடைப்பது 105 x 148 மி.மீ. நீளவாக்கில் 8 மி.மீ. வெறுமையாக நிற்கும். அதனால் நான் 10 x 13.5 செ.மீ. அளவில் தனித் துண்டு வெட்டி, அதை ஃபோல்டரில் போட்டு எடுத்து, அட்டையின் மேல் ஒட்டுகிறேன். சுற்றிலும் ஓரம் விட்டு நிற்பது இன்னும் எடுப்பாகவும் இருக்கிறது.

இந்த ஃபோல்டர் மேடுதான் காலத்துக்கு எளிதில் தோற்பது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கனம் ஏறி, ஈரமும் சேர்ந்தால் ஆழம் குறைந்துவிடுகிறது. இரண்டு விஷயங்கள் அதைக் காப்பாற்றும். ஒன்று காகிதம். 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) கலர் பேப்பரில் வடிவம் உடனே விழும், அதே வேகத்தில் போயும்விடும். 200 முதல் 250 ஜிஎஸ்எம் நன்றாகத் தாங்குகிறது. ஆழமான 3டி ஃபோல்டருக்கு, அழுத்தும் முன் இருபுறமும் தண்ணீரை லேசாகத் தெளித்தால் நார்கள் இளகி விரிசல் விழாமல் வளையும், காய்ந்ததும் அந்த வடிவிலேயே இறுகும். அந்த வகை ஃபோல்டர் தடிமனானது, ஃபோல்டருக்கு மேலும் கீழும் வைக்கும் வழக்கமான பிளாஸ்டிக் பிளேட் அடுக்கோடு உள்ளே தள்ளக் கூடாது. கைப்பிடி முரண்டினால் நிறுத்திவிட்டு ஒரு பிளேட்டை எடுத்துவிடுங்கள். இன்னொன்று பசை. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைப் பின்னால் தடவினால் காகிதம் இளகி மேடு தளர்ந்துவிடும். ஸ்பாஞ்சு போலத் தடிமனான ஃபோம் டேப்பில் ஒட்டினால் பின்னால் இடைவெளி இருப்பதால் மேடு அமுங்காது.

கையால் செய்வதைப் பற்றி ஆசையோடு எழுத நிறைய இருக்கிறது. பித்தளை ஸ்டென்சிலை வெளிச்சம் வரும் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் காகிதத்தைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கமிருந்து உருண்டை முனை கொண்ட ஸ்டைலஸால் ஓரங்களை மட்டும் அழுத்திக்கொண்டே வர வேண்டும். கண்ணாடி மேஜைக்குக் கீழே மொபைல் டார்ச் வைத்தாலே வெளிச்சம் போதும். காகிதத்தின் பின்புறம் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துக்கொண்டால் ஸ்டைலஸ் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் எங்கே எவ்வளவு ஆழம் என்பது நம் கையில் இருக்கிறது, எந்த ஃபோல்டரும் இதைத் தராது.

ஸ்டென்சில் கிடைக்காத தமிழ் எழுத்துக்கு நான் கையாளும் வழி இது. 300 ஜிஎஸ்எம் அட்டையில் எழுத்தை எழுதி, கட்டர் கத்தியால் எழுத்தையே வெட்டி எடுத்து, இன்னோர் அட்டையில் நேராக ஒட்டிவிட வேண்டும். அதன்மேல் காகிதத்தை நிமிர்த்தி வைத்து, எழுத்தின் வெளியோரத்தையும் சுழிகளின் உள்ளோரத்தையும் ஸ்டைலஸால் சுற்றிவந்தால் எழுத்து எழும்பி நிற்கும். முன்பக்கமிருந்தே அழுத்துவதால் எழுத்தைத் திருப்பிப் போட வேண்டிய வேலை இல்லை. சுழி கழன்று விழுமே என்ற கவலையும் இல்லை. பேரன் பேத்திகளின் பெயரை இப்படி ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வெள்ளைமேல் வெள்ளையாக எழுப்பிக் கொடுத்துப் பாருங்கள், பாட்டிகள் அதைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். டிரேசிங் பேப்பரில் அழுத்தினால் அழுத்திய இடம் வெளுத்து வரும். சிக்குக் கோலத்தின் புள்ளிகளும் வளைவுகளும் அதில் அமைவது தனி அழகு.

கைவேலைக்கு நான் கண்ட மிகச் சிறந்த காகிதம் பருத்தித் துணியிலிருந்து செய்யும் கைத்தாள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் புகழ்பெற்றது. பருத்தி நார் நீளமானது, அழுத்தத்துக்கு இழுபட்டுக் கொடுக்கும், கிழியாது. மரக்கூழ்க் காகிதத்தில் விரிசல் விடும் ஆழம் இதில் சாதாரணமாக வருகிறது. சென்னை ஆண்டர்சன் தெருக் கடைகளில் கல்யாணப் பத்திரிகைக்கான காகிதங்களைத் தடவிப் பார்த்து ஒரே ஒரு தாள் வாங்கிவந்து சோதித்துவிட்டு, பிறகு மொத்தமாக வாங்குவது நல்லது. ஆல்பத்துக்கு வாங்கினால் அமிலமில்லாத காகிதமா என்று கேட்டே வாங்குங்கள். அமிலம் உள்ள காகிதம் தானும் பழுத்து, ஒட்டிய போட்டோவையும் கெடுக்கும்.

ஆல்பத்தில் ஹீட் எம்பாஸிங் வேண்டுமென்றால் தனித் துண்டில் செய்து, நன்றாக ஆறிய பிறகு பக்கத்தில் ஒட்ட வேண்டும். போட்டோ ஒட்டிய பக்கத்தில் ஹீட் டூலைக் காட்டினால் போட்டோ சுருண்டுவிடும், அல்லது கொப்புளம் போடும். பிவிசி உறைகளைத் தவிர்த்துவிடுங்கள். அதை வளையச்செய்யச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் கசிந்து போட்டோவிலும் பவுடர் மேட்டிலும் ஒட்டிக்கொள்ளும், கோடை வெயிலில் இன்னும் மோசம். பாலிபுரொப்பிலீன் உறைகள் இதைச் செய்வதில்லை.

எதிரெதிர்ப் பக்கங்களையும் யோசித்து அமைக்க வேண்டும். இடப்பக்கத்தில் மேடான பூ இருந்தால் வலப்பக்கத்தில் அதே இடத்தில் போட்டோ வரக் கூடாது, ஆல்பம் மூடியிருக்கும்போது பூவின் தடம் போட்டோவில் பதிந்துவிடும். 12 x 12 அங்குல ஆல்பங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதன் மேடுகள்தான் முதலில் அமுங்கும். அலமாரியில் புத்தகம் மாதிரி நிறுத்திவையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய தட்டில் வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் ஈரம் கோக்கும்.