கடைசிக் கம்பத்து வீட்டில் ஒரு ஸ்டெபிலைசர்: பத்து மாத அனுபவம்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மின்மாற்றியிலிருந்து எண்ணினால் பதினான்காவது கம்பத்தில், அதாவது கம்பி முடிந்துபோகிற இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மேல் மின்னழுத்தம் விழுந்துவிடும்; மிக்ஸியில் உளுந்து அரைபடாது, குளிர்பதனப் பெட்டி உறுமிப் பார்த்துவிட்டு அடங்கிவிடும், மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம். சென்ற ஆண்டுக் கத்திரி வெயிலில் வீட்டில் முதியவர்கள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், வேலூர் நகரக் கடை ஒன்றில் 11,500 ரூபாய் கொடுத்து, வீடு முழுமைக்கும் பொருத்தக்கூடிய, மின்னழுத்தத்தைச் சீராக்கும் 5 கே.வி.ஏ. (தாங்கும் பாரத்தின் அளவு) ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கி வந்தேன். அது மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஏறிப் பத்து மாதங்கள் ஆகின்றன. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்த விலையில் கிடைக்கும் ரிலே (தானே மாறும் மின் சுவிட்ச்) வகைக் கருவிகள் ஏறத்தாழ ஒரே அமைப்பைக் கொண்டவை என்பது ஒரு காரணம். எனக்குச் சொல்ல இருப்பதில் பாதி கருவியைப் பற்றியதன்று, அதற்கு வந்து சேரும் கம்பியைப் பற்றியது என்பது மற்றொன்று.

முதலில் கருவி. உள்ளே இருப்பது ஓர் ஆட்டோ டிரான்ஸ்பார்மர், அதாவது ஒரே சுருளைக் கொண்டு அழுத்தத்தை ஏற்றி இறக்கும் மின்மாற்றி. அதன் சுருளில் பல இடங்களில் டேப் எனப்படும் முனைகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே வரும் மின்னழுத்தத்தை ஒரு சிறு மின்னணுப் பலகை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்து, அது குறையும்போதும் கூடும்போதும் பொருத்தமான முனைக்கு ரிலேயை மாற்றுகிறது. முகப்பில் உள்வரும் எண்ணும் வெளிச்செல்லும் எண்ணும் மாறி மாறித் தெரிகின்றன. உள்ளே 172 வோல்ட் வந்த மாலைகளில் வெளியே 216 கிடைத்தது; 150 வந்தபோது 203 கிடைத்தது; 130-க்குக் கீழே இறங்கினால் கருவி தானே துண்டித்துக்கொள்ளும் என்று குறிப்பேடு சொல்கிறது, அப்படியே செய்தும் காட்டியது. வாங்கிய அன்று மாலையே மிக்ஸி ஓடியது, ஏ.சி.யின் கம்ப்ரெஸர் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. மின்தடை நீங்கிக் கரண்ட் வரும்போது கம்ப்ரெஸருக்கு மூன்று நிமிட இடைவெளி விட்டுத்தான் இணைப்புக் கொடுக்கிறது. அதுவும் வேண்டிய வசதியே.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ரிலே மாறும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று ஓர் ஓசை எழும். மின்னழுத்தம் இரண்டு படிகளுக்கு நடுவே ஊசலாடும் இரவுகளில் அந்த ஓசை பல்லி கத்துவதுபோல விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும், அப்போதெல்லாம் விளக்குகள் ஒரு கணம் சிமிட்டும். மோட்டார் வைத்துச் சீராக நகரும் சர்வோ வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதில் கார்பன் பிரஷ் தேயும், விலையும் மிகுதி. கடைக்காரர் சுருள் முழுவதும் செம்பு என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ‘அலுமினியம்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. 5 கே.வி.ஏ. என்ற எண்ணும் முழு உண்மையன்று: 150 வோல்ட்டுக்குக் கீழே பாரத்தை 60 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்தான் இதன் வலிமை மிகவும் குறைகிறது என்பதை வாங்குவோர் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, வீட்டுச் சுவரில் ‘டிக்’ என்னும் இந்தக் கருவி புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை; மின்கட்டமைப்பு முழுவதும் பல படிகளில் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நம் மாவட்டத்துத் திருவலத்தில் இருக்கும் துணை மின் நிலையத்துக்கு ஆந்திரத்துக் கர்நூலிலிருந்து 765 கிலோவோல்ட் பாதை வருகிறது. அவ்வளவு உயர்ந்த அழுத்தம் எதற்கு என்றால், கம்பியில் வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; ஆம்பியர் பாதியானால் இழப்பு கால்வாசியாகிவிடும். 100 மெகாவாட் மின்சாரத்தை 230 கிலோவோல்ட்டில் மும்முனைப் பாதை வழியே அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 250 ஆம்பியர் ஓடினால் போதும். அதையே நம் வீட்டு அழுத்தத்தில் அனுப்புவதானால் 1,44,000 ஆம்பியர் ஓட வேண்டும், கம்பிகள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப்போல இருக்க வேண்டியிருக்கும். அதனால்தான் 765, 400, 230, 110, 33, 11 என்று படி இறங்கி, ஊருக்கு வெளியே நிற்கும் மின்மாற்றியில் 11,000 வோல்ட் 433 ஆகிறது. ஒரு ஃபேஸுக்கும் (மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் ஒன்று) நியூட்ரலுக்கும் (அது திரும்பிச் செல்லும் பொதுக் கம்பி) நடுவே அளந்தால் அது 250.

துணை மின் நிலையங்களின் பெரிய மின்மாற்றிகளில் ஆன்லோடு டேப் சேஞ்சர் என்ற உறுப்பு உண்டு. பாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எண்ணெய்க்குள் மூழ்கியபடி, அது சுருளின் முனைகளை மாற்றி அழுத்தத்தைச் சரிசெய்கிறது. என் ஸ்டெபிலைசரின் பெரிய அண்ணன் அது. ஆனால் ஊர் மின்மாற்றிக்கு அந்த வசதி இல்லை; அதில் டேப் இருந்தாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கையால்தான் திருப்ப வேண்டும், சிறியவற்றில் அதுவும் இருக்காது. ஆக, கர்நூலிலிருந்து எங்கள் ஊர் எல்லை வரை யாரோ, எதுவோ அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டிருக்க, அதற்குப் பிறகான அறுநூறு மீட்டர்தான் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. மின்விசிறி மெதுவானதும் “நாடு முழுக்கக் கரண்ட் பற்றாக்குறை” என்று டீக்கடையில் பேசுவார்கள். தென்மாநிலக் கட்டமைப்பு 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக நாட்டின் பிற பகுதிகளோடு இணைந்த பிறகு, 50 ஹெர்ட்ஸ் என்னும் அலைவெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் ஒன்றுதான். பற்றாக்குறை வந்தால் இந்த அலைவெண்தான் எல்லோருக்கும் சேர்ந்து குறையும். மின்னழுத்தம் அப்படியன்று, அது தெருவின் சங்கதி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்றாலும், நம்பியது ஊர் வயர்மேன் ஒருவருடைய டாங் டெஸ்டரை (கம்பியை இடுக்கிபோலக் கவ்வி அளக்கும் மீட்டர்) கண்ணால் பார்த்த பிறகுதான். ஒரு மாலை ஏழே கால் மணிக்கு மின்மாற்றி அருகில் 236 வோல்ட் இருந்தது. அதே நேரத்தில் எங்கள் வீட்டில் 172. அறுபத்து நான்கு வோல்ட் வழியிலேயே கரைந்துவிட்டது. எங்கள் தெருவில் ஓடுவது வீசல் என்ற வகை அலுமினியக் கம்பி. (உருக்கு நடுவே வைத்த அலுமினியக் கம்பிகளுக்கு அணில், முயல், நாய், சிறுத்தை என்று விலங்குகளின் ஆங்கிலப் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள், விலங்கு பெரிதாகப் பெரிதாகக் கம்பியும் தடிக்கும், 400 கிலோவோல்ட் கோபுரங்களில் மூஸ் என்னும் பெரிய மான் தொங்குகிறது.) வீசலின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.93 ஓம். போகவும் நியூட்ரலில் திரும்பவும் சேர்த்து 1.2 கிலோமீட்டர் என்று வைத்தால், 40 ஆம்பியர் கடைசி வரை ஓடும்போது 45 வோல்ட் போய்விடும். பாரம் வழியெங்கும் பிரிந்துபோவதால் உண்மைக் கணக்கு இவ்வளவு நேரானதன்று. ஆயினும் எங்கே போகிறது என்பது விளங்கிவிட்டது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்த இணைப்பில் 6 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்றன. 240 வோல்ட்டுக்கு அது கீழ்ப்பக்கம் ஏறத்தாழ 226. மின்மாற்றியின் காலடியில் விதி நிறைவேறுகிறது, பதினான்காவது கம்பத்தில் நிறைவேறவில்லை.

ஸ்டெபிலைசரின் மிகப் பெரிய குறை இங்கேதான் வெளிப்படுகிறது. எந்த விற்பனையாளரும் இதைச் சொல்வதில்லை. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் ஒரு வெந்நீர் ஹீட்டர், ஸ்டெபிலைசர் இல்லாமல் 170 வோல்ட்டில் 7.4 ஆம்பியர்தான் இழுக்கும். தண்ணீர் மெதுவாகச் சூடேறும், அவ்வளவுதான். ஸ்டெபிலைசர் வழியாக அதே ஹீட்டருக்கு முழு 2,300 வாட்டையும் கொடுக்க வேண்டுமென்றால், கம்பியிலிருந்து 13.5 ஆம்பியர் இழுத்தாக வேண்டும். அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் கூடுதலாக இழுக்கும். கூடுதலாக இழுக்க இழுக்க கம்பியில் அழுத்தம் மேலும் குறையும். என் கருவி ‘டிக்’ என்று ஒரு படி ஏறும்போது எதிர்வீட்டுத் திண்ணை விளக்கு சற்று மங்குவதை அந்த வீட்டு அண்ணன்தான் எனக்குக் காட்டினார். “உங்க வீட்ல டிக்குன்னா எங்க வீட்ல டிம்மாவுதுப்பா” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆகவே மறுபடியும் டாங் டெஸ்டர். தெருவின் மூன்று ஃபேஸ்களில் ஆர் ஃபேஸில் 52 ஆம்பியர், ஒய் ஃபேஸில் 23, பி ஃபேஸில் 14 என்று காட்டியது. வீடு கட்டியவர்களுக்கெல்லாம் கைக்கு எட்டிய கம்பியிலேயே சர்வீஸ் வயரைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றிலும் பாரம் சமமாக இருந்தால் நியூட்ரலில் அவை ஒன்றையொன்று தள்ளுபடி செய்துகொள்ளும், திரும்பும் வழியின் இழப்பே இராது. சமமின்றி இருந்தால் நியூட்ரலும் சுமக்கும். பத்துப் பதினைந்து வீட்டார் கையெழுத்திட்டுப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். மூன்று முறை நடந்த பிறகு, மாதப் பராமரிப்பு நாள் ஒன்றில் லைன்மேன்கள் வந்து ஒன்பது வீடுகளை மற்ற இரண்டு ஃபேஸ்களுக்கு மாற்றிக் கட்டினார்கள். அன்று மாலை ஏழு மணிக்கு என் கருவியின் முகப்பில் 198 என்ற எண்ணைப் பார்த்தேன். ஒரு ரூபாய்க்குக்கூடப் பொருள் வாங்காமல் இருபத்தாறு வோல்ட்!

இன்னும் மீதமிருப்பது பம்பு செட்டுகளின் கதை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில், எல்லாக் கிணற்றிலும் கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருப்பதால், நிலக்கடலைக்கும் வாழைக்கும் நீர் இறைக்கும் மோட்டார்கள் ஒரே நொடியில் கிளம்புகின்றன. கிளம்பும்போது ஒவ்வொன்றும் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அந்தச் சில நொடிகளில் ஸ்டெபிலைசரும் கையை விரித்துவிடுகிறது. ஸ்டார்ட்டர்களில் நேர இடைவெளியை முன்பின்னாக வைத்துக்கொள்ளவும், மோட்டார் கம்பியிலிருந்து இழுக்கும் ஆம்பியரைக் குறைக்கும் கெப்பாசிட்டர் பொருத்தவும் உறவினர் இருவரை இணங்க வைத்திருக்கிறேன், மற்றவர்கள் யோசிக்கிறார்கள்.

இந்தக் கருவி உண்மையிலேயே தன் விலையைத் திருப்பித் தந்தது ஐப்பசி மழை இரவு ஒன்றில். ஃபேஸ்களை மாற்றிக் கட்டுவதற்கு முன்பு நடந்தது அது. காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தது. நியூட்ரல் போனால் பாரம் மிகுந்த ஃபேஸில் அழுத்தம் சரியும், பாரம் குறைந்த ஃபேஸில் எகிறும். நாங்கள் ஆர் ஃபேஸில் இருந்ததால் எங்களுக்கு 90 வரை இறங்கியது. கருவி உடனே துண்டித்துவிட்டது, கம்ப்ரெஸர் தப்பியது. பி ஃபேஸ் வீடுகளில் 300-ஐத் தாண்டி ஏறியிருக்க வேண்டும். இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளும் ஒரு செட்டாப் பாக்ஸும் புகைந்தன. அழுத்தத்தை ஏற்றித் தருவதைவிட, இரு பக்கமும் வரம்பு மீறினால் விலகிக்கொள்ளும் இந்தக் குணத்துக்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன். வெறும் துண்டிப்புப் பாதுகாப்பு மட்டும் போதுமென்றால், அதற்கென்று இதைவிடச் சிறிய, மலிவான கருவிகளும் கிடைக்கின்றன.

வாங்க எண்ணுவோர் சும்மா இருக்கும்போது அது தின்னும் மின்சாரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எனது கருவி பாரமே இல்லாதபோதும் 25 வாட் எடுக்கிறது. இரண்டு மாதக் கணக்கில் அது 36 யூனிட், இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இப்போது பகல் முழுவதும் அதைத் தவிர்த்து நேராக இணைக்கும் பைபாஸ் சுவிட்ச் ஒன்றை வைத்திருக்கிறேன். பாதுகாப்பு வேண்டுமென்பதால் மழை மேகம் கூடினால் மட்டும் கருவிக்குத் திருப்பிவிடுகிறேன்.

எதிர்வீட்டு அண்ணன் போன வாரம் கடை விலாசம் கேட்டு வந்தார். அவருக்கும் ஒன்று வேண்டுமாம். வரும் கத்திரி வரைக்கும் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தெருக் கோடியில் 63 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்று கேட்டு இரண்டாவது மனு போயிருக்கிறது, அதில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.