சத்தம் போடும் வாஷிங் மெஷின்: பிரஷ், பேரிங், புது மோட்டார் – எதற்குச் செலவு செய்யலாம்?

ஸ்பின் ஓடும்போது விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல் வந்தால், வந்து பார்க்கிறவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் "மோட்டார் போச்சு சார்" என்பதுதான். பெல்ட் வைத்த ஃப்ரண்ட் லோட் மெஷின்களில் மோட்டாரே கெட்டுச் சத்தம் போடுவது குறைவு. டிரம் பேரிங், கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கரிக்கட்டி), பம்பில் மாட்டிய சில்லறைக் காசு இவையெல்லாம் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. ஆகவே எதை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன் பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். கால் மணி நேர வேலை, செலவு ஒன்றுமில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழாயை மூடுங்கள். பின்பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பெரிய சக்கரமும், கீழே மோட்டாரின் சின்னப் புல்லியும் தெரியும். பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பெல்ட்டை விளிம்புப் பக்கம் இழுத்தால் தானே நழுவி வந்துவிடும். இப்போது டிரம்மை மட்டும் சுற்றுங்கள். நல்ல டிரம் ஓசையில்லாமல் ஓடி மெதுவாக நிற்கும். கரகரவென்று அரைத்தால் டிரம் பேரிங். முன்பக்கம் வந்து டிரம்மின் உள்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். வெளியே இருக்கும் டப் அசையாமல் டிரம் மட்டும் லொட லொடவென்று ஆடினால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் மோட்டார் புல்லியை விரலால் சுற்றுங்கள். பிரஷ் உரசுவதால் லேசான சொரசொரப்பு இருக்கும், அது இயல்பு. கல் அரைபடுவது போல இருந்தாலோ, புல்லி பக்கவாட்டில் ஆடினாலோதான் குற்றம் மோட்டாரில்.

தண்ணீர் வெளியேறும்போது மட்டும் சத்தம் வந்தால் இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கீழே இருக்கும் பம்ப் ஃபில்டரைத் திறந்தால் காசோ ஊக்கோ கிடைக்கும். வாங்கிய முதல் வாரத்திலேயே மெஷின் குதித்தால் பின்னால் இருக்கும் டிரான்ஸிட் போல்ட்டை, அதாவது லாரியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் போட்ட போல்ட்டை, கழற்றினார்களா என்று பாருங்கள்.

இனி செலவுக் கணக்கு. மலிவானது கார்பன் பிரஷ். ஜோடி சில நூறு ரூபாய்தான், தைரியமாக வீட்டிலேயே மாற்றலாம். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்து, ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கி, மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டால் இருபுறமும் பிரஷ் கூடுகள் தெரியும். புதிய கார்பன் கட்டி ஏறக்குறைய கட்டைவிரலின் மேல் பாதி நீளம் இருக்கும். தேய்ந்தது ஒரு சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். அவை உரசுகிற செம்பு வளையத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் நல்லது. ஒரு பட்டை மட்டும் கருகியோ எழும்பியோ இருந்தால் புதுப் பிரஷ்ஷும் சீக்கிரம் உடைந்துபோகும், சத்தமும் நிற்காது. பிரஷ்ஷின் முனை சாய்வாக வெட்டியிருக்கும். அந்தச் சாய்வு வளையத்தின் வளைவோடு பொருந்த வேண்டும். மாட்டியதும் துணி போடாமல் ஒருமுறை ஓட்டுங்கள். கொஞ்சம் பொறியும் கருகல் வாடையும் வரும், உட்கார்ந்ததும் போய்விடும்.

மோட்டாரின் சொந்தப் பேரிங் போயிருந்தால் புது மோட்டாருக்குத் தாவத் தேவையில்லை. நம் ஊரில் தண்ணீர் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடை எங்கும் உண்டு. அவர்களிடம் புல்லர் இருக்கிறது, மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பேரிங்கைப் பிடுங்கிப் புதியது போட்டுவிடுவார்கள். கம்பிச்சுருள் எரிந்து வாடை அடித்தாலோ செம்பு வளையம் பெயர்ந்திருந்தாலோ மட்டும் புது மோட்டார் நியாயம். இன்னொன்று: இந்த வகை மோட்டாரை பெஞ்சில் வைத்து நேரடியாக 230 வோல்ட் கொடுத்துச் "சும்மா ஓட்டிப் பார்க்கலாம்" என்று சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். சுமை இல்லாதபோது அது கட்டுக்கடங்காத வேகம் எடுக்கும். செய்யாதீர்கள்.

உண்மையான முடிவு டிரம் பேரிங்கில்தான் இருக்கிறது. டிரம்மின் அச்சில் முன்னும் பின்னுமாக இரண்டு பேரிங், தண்ணீர்ப் பக்கம் ஒரு ஆயில் சீல், அதாவது பேரிங்குக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். முதலில் போவது சீல்தான். அதன் வழியாகச் சோப்புத் தண்ணீர் கசிந்து, கிரீஸைக் கரைத்து, குண்டுகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. டப்பின் பின்பக்கம், சக்கரத்துக்குக் கீழே துருநிறத்தில் ஒழுகிய கோடு தெரிந்தால் அதுதான் அடையாளம். பேரிங் மாற்றுகிறேன் என்று சீலை விட்டுவைக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பொருள் விலை பெரிதல்ல. பல மெஷின்களில் 6204, 6205 போன்ற சாதாரண எண்கள்தான். பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் கையில் கொடுப்பார்கள். எண் பழைய பேரிங்கின் விளிம்பிலேயே பொறித்திருக்கும், இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு அளவு. இருபக்கமும் ரப்பர் மூடி உள்ளதையே கேளுங்கள். வேலைதான் பெரியது. கான்கிரீட் எடைக்கல், ஹீட்டர், ஸ்பிரிங் எல்லாம் கழன்று டப் முழுதாக வெளியே வர வேண்டும். ஒரு நாள் போகும், தூக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒவ்வொரு ஒயரையும் பிடுங்குவதற்கு முன் செல்லில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பேரிங்கைத் தட்டி ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்ட வேண்டும், உள் வளையத்தில் அடித்தால் மாட்டும்போதே கெட்டுவிடும். கை வராது என்றால் டப்பை மட்டும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் பிரஸ்ஸில் வைத்து ஏற்றித் தருவார்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான்: கழற்றுவது வீட்டில், ஏற்றுவது பட்டறையில்.

டப்பைத் திறந்ததும் அச்சைத் தடவிப் பாருங்கள். சீல் உட்காரும் இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் கசியும். டிரம்முக்குப் பின்னால் மூன்று கை நீட்டியிருக்கும் அலுமினியத் தாங்கியையும் பாருங்கள். உப்புத் தண்ணீர் போர்வெல் வீடுகளில் அது வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கும். விரிசல் இருந்தால் பேரிங்குக்குப் போட்ட காசு வீண்.

இதெல்லாம் டப் இரண்டாகப் பிரிகிற மெஷினுக்கு. இப்போது வரும் பலவற்றில் டப்பை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். சர்வீஸ் சென்டரில் கேட்டால் டப் அசெம்பிளி முழுதாகத்தான் மாற்ற வேண்டும் என்பார்கள், பல ஆயிரம் ஆகும். தெரு மெக்கானிக்குகள் ஹேக்ஸாவால் ஒட்டிலேயே அறுத்து, பேரிங் போட்டு, ஸ்க்ரூவும் சிலிக்கான் பசையும் வைத்து மூடிவிடுகிறார்கள். அழகில்லைதான், ஆனால் பொறுமையாக அறுத்துச் செய்தால் வேலை நிற்கிறது. அவசரமாக ஒட்டியது ஸ்பின் வேகத்தில் ஒழுகும். மெஷினுக்கு வயது நான்கு ஐந்துதான் என்றால் அசெம்பிளியே மேல். பத்தைத் தாண்டிய மெஷினுக்கு அறுத்து ஒட்டுவது போதும்.

வாரண்டி உள்ள மெஷினை நீங்களாகத் திறக்காதீர்கள். ஆனால் கார்டை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். "மோட்டாருக்குப் பத்து வருடம்" என்ற பெரிய எழுத்து பெரும்பாலும் மோட்டார் என்ற பாகத்துக்கு மட்டும். டிரம் பேரிங், சீல், பெல்ட் அதில் சேராமல் போகலாம், கூலியும் தனியாக இருக்கலாம்.

மோட்டார் நேராக டிரம் அச்சிலேயே மாட்டியிருக்கும் டைரக்ட் டிரைவ் மெஷினில் பெல்ட்டும் கிடையாது, பிரஷ்ஷும் கிடையாது. இரைச்சல் வந்தால் முதல் சந்தேகம் டிரம் பேரிங்தான். அவற்றின் மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் போர்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும், சில நிமிடம் விட்டுத் தொடுங்கள். செமி ஆட்டோமேட்டிக் வேறு ஜாதி. அதில் மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் முதலில் கெபாசிட்டரை மாற்றுங்கள், பழையதன் உடம்பில் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில். ஸ்பின் தொட்டி தடதடவென்று அடித்தால் துணியைச் சமமாக அடுக்கிப் பார்த்துவிட்டு, அடியில் உள்ள ஸ்பிரிங்குகளையும் பிரேக் ஒயரையும் பாருங்கள். எலி கடித்த ஒயரும் அங்கேதான் கிடைக்கும்.

புது மெஷின் எப்போது? அலுமினியத் தாங்கி விரிசல் விட்டு, அச்சு தேய்ந்து, டப்பும் ஒட்டியதாக இருந்தால். அல்லது உதிரியும் கூலியும் சேர்ந்து புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால். அப்போதும் பழையதை எடைக்குப் போடுவதற்கு முன் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் நன்றாகவே ஓடும், அதே மாடல் வைத்திருக்கும் யாருக்காவது தேவைப்படும்.