பூனை வளர்ப்போர் கவனத்திற்கு: ‘கொட்டாது’ என்று விற்கப்பட்ட ஜிகினா மாலை

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்துக் கடையொன்றில் கடந்த டிசம்பரில் நான் வாங்கிய ஜிகினா மாலை, எங்கள் பூனை கறுப்பியை அறுவை மேசை வரை கொண்டுபோய்விட்டது. கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் மற்ற வீடுகளிலும் பூனைகள் இருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

வீட்டில் பூனை இருக்கிறது, தொங்குவதையெல்லாம் கடித்து இழுக்கும், ஆகவே இழை உதிராத மாலைதான் வேண்டும் என்று சொல்லியே கேட்டேன். கடைக்காரர் மாலையை இரு கைகளாலும் இழுத்துக் காட்டி, “கொட்டவே கொட்டாது டீச்சர், கவலப்படாம கொண்டு போங்க” என்றார். விலை 38 ரிங்கிட். மூன்றாம் நாளே மரத்தடியில் இழைகள் மின்னிக்கொண்டு கிடந்தன. நான் அவற்றைப் பெருக்கித் தள்ளினேனே தவிர மாலையைக் கழற்றவில்லை. அது என் தவறு.

கறுப்பி வாந்தியெடுத்தபோது, விழுங்கிய முடிதான் வெளியே வருகிறது என்று எண்ணி ஒரு நாளை வீணாக்கினேன். மறுநாள் அது நெத்திலியைக்கூட முகராமல் அலமாரிக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டது. ஈப்போவில் கால்நடை மருத்துவர் அதன் வாயைத் திறந்து, தாடைக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்தி நாக்கை உயர்த்திக் காட்டினார். நாக்கின் அடியைச் சுற்றி ஒரு வெள்ளி இழை சதைக்குள் பதிந்திருந்தது. மறுமுனை குடலில் இருந்தது. இழையின் ஒரு முனை இப்படி மாட்டிக்கொண்டால், குடல் தன் இயல்பான அசைவால் அதன்மேல் ஏறி ஏறி, சுருக்குப்பையின் நாடாவை இழுத்தாற்போல் மடிந்து சேர்ந்துவிடும் என்றும், நாளானால் இழை குடற்சுவரையே அறுத்துவிடும் என்றும் அவர் விளக்கினார். வாயிலோ வாலடியிலோ நூல் தெரிந்தால் நாமாக இழுக்கக் கூடாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். செலவு 1,200 ரிங்கிட்.

ரசீதுடன் போனபோது அதே கடைக்காரர், “வித்த சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்” என்ற அட்டையைக் காட்டினார். ஆனால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவர் பேச்சை நம்பி வாங்கும் பொருள் அத்தேவைக்குப் பொருந்த வேண்டும். சுவரில் தொங்கும் அட்டை அந்தப் பொறுப்பை நீக்கிவிடாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம்.

அங்கேயே வாங்கிய விளக்குச் சரத்தை வீட்டில் திருப்பிப் பார்த்தால், மின்பொருள் பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிரிம் முத்திரையே இல்லை. மூன்று முனைகள் இருக்க வேண்டிய செருகியிலும் இரண்டே முனைகள். 230 வோல்ட் ஓடும் கம்பியைப் பூனை கடித்தால் என்னவாகும் என்று அதன்பிறகே உறைத்தது. மரத்தடியில் வைக்கும் லில்லிப் பூங்கொத்தும் வேண்டாம்: அதன் மகரந்தமும் ஜாடித் தண்ணீரும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

மரத்தை இப்போது ஜன்னல் கம்பியோடு தடித்த கயிற்றால் கட்டி, ஜிகினாவுக்குப் பதிலாகத் துணி நட்சத்திரங்களை மேல்கிளைகளில் மட்டும் மாட்டியிருக்கிறோம். மாலையின் விலையையும் மருத்துவச் செலவையும் கோரித் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துவிட்டேன். கடை ரசீதின் எழுத்து அதற்குள் பாதி மங்கிவிட்டது. நல்லவேளையாக, வாங்கிய அன்றே அதை என் மகள் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாள்.