ஹட்டன் கூல் பாரில் மில்க் சோடா: கிரீம் சோடா மட்டும் போதும்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்னக் கூல் பார், பலகையில் மில்க் சோடா என்று போட்டு மூன்று விதம் விற்கிறார்கள். கிரீம் சோடா போட்டது, நெக்டோ என்கிற சிவப்புச் சோடா போட்டது, அப்புறம் லைம் சோடா போட்டது. முதலாவதற்காகத் தாராளமாகப் போகலாம். இரண்டாவது ரோஸ் கலரில் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மூன்றாவதைப் பலகையிலிருந்து அழித்துவிடலாம்.

கிரீம் சோடா நம் ஊரில் புதுசு இல்லை, எலிபன்ட் ஹவுஸ் போத்தலை உடைத்துப் பாலில் ஊற்றிக் குடிக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. இந்தக் கடையில் அதைக் கொஞ்சம் அக்கறையோடு செய்கிறார்கள். நன்றாகக் குளிர்ந்த பாலை அரைக் கிளாஸுக்கு எடுத்து, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, சோடாவை ஓரமாக மெதுவாக விடுகிறார் கடைப்பையன். பாலில் இருக்கிற புரதம் வாயுக் குமிழியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நுரை குபுகுபு என்று எழும்பும், அவசரப்பட்டால் பாதி மேசைக்குத்தான். வனிலா வாசம் பாலோடு ஒத்துப்போகிறது, கேஸ் நாக்கில் இலேசாகக் கடிக்கிறது, ஆனால் வெறும் சோடா மாதிரி மூக்கில் ஏறுவதில்லை. முக்கியமாக, ஊற்றுவது பாக்கெட்டில் வருகிற திரவப் பால், பால்மா இல்லை. அம்பேவெல பண்ணை இந்தப் பக்கம்தான் இருக்கிறது, தோட்டங்களில் மாடு வளர்ப்பவர்களும் பால் ஊற்றுகிறார்கள், இருந்தும் நம் கடைகளில் பால்மாவைக் கரைத்துத் தருவதே வழக்கமாகிவிட்டதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு விஷயம் சொல்லி வாங்குங்கள். சீனிப்பாணி வேண்டாம், சோடாவிலேயே தேவைக்கு மேல் இனிப்பு. ஐஸும் வேண்டாம், கரையக் கரையப் பால் தண்ணீராகிப் பாதிக் கிளாஸோடு ஆசை போய்விடும்.

லைம் கதைக்கு வருவோம். கிளாஸ் மேசைக்கு வரும்போதே பால் திரிந்து துணுக்குத் துணுக்காக மிதந்தது. கேட்டால், "அது அப்படித்தாங்க இருக்கும் அண்ணே" என்கிறான் பையன். புளிப்பு ஏறிப் பாலின் பிஎச் அளவு (புளிப்பு கூடக் கூடக் குறைகிற எண்) 4.6 பக்கம் இறங்கினால் கேசின் என்ற புரதம் ஒன்றுசேர்ந்து திரண்டுவிடும், தேசிக்காயைப் பிழிந்து பன்னீர் எடுப்பதும் இதே வழியில்தான். அப்படியானால் பாகிஸ்தானிலும் பஞ்சாபிலும் செவன் அப், ஸ்ப்ரைட் ஊற்றி தூத் சோடா என்று குடிக்கிறார்களே, நோன்பு திறக்கும்போதுகூட வைக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே பாலை நிறைய எடுத்து, எல்லாவற்றையும் நன்றாகக் குளிர வைத்து, கலந்த கையோடு குடித்துவிடுகிறார்கள். பால் அதிகமாக இருந்தால் புளிப்பு அடங்கும், குளிரில் திரிவதும் மெதுவாகத்தான் நடக்கும். இங்கே ஒரு முழுத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டு அதன் தலையில் கொஞ்சம் பாலை ஊற்றினால் வேறு என்ன ஆகும்?

கடைக்காரருக்கு ஒரு யோசனை. இந்தோனேசியாவில் சோடா கெம்பிரா என்று ஒன்று, டின்பால், சிவப்புப் பாணி, வெறும் சோடா, மூன்றே சாமான். ஃபலூடாவுக்கு வாங்கி வைத்திருக்கிற ரோஸ் பாணியே போதும். நெக்டோவைவிட அது எடுபடும் என்றுதான் நினைக்கிறேன்.

போவதென்றால் வெயில் நேரத்தில் போங்கள். பின்னேரம் பனிமூட்டம் இறங்கிய பிறகு இதைக் குடித்தால் பல் கிட்டிக்கொள்ளும், அந்த நேரத்துக்கு ஒரு பிளேன்டீயும் வடையும்தான் சரி. அப்புறம் பார்சல் எடுக்காதீர்கள். கலந்து போத்தலில் அடைத்துத் தருகிறார்கள், பஸ் டிக்கோயா வளைவுகளில் குலுங்கிப் போய்ச் சேரும்போது மூடியைத் திறக்கிறவர் மடியெல்லாம் பால். வீட்டில் குடிக்கத்தான் ஆசை என்றால் சோடாவையும் பாலையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு போங்கள்.