எச்சரிக்கை: கினிப்பன்றியின் பின்புறத்தைச் சுத்தம் செய்ய 4,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

வீட்டில் கினிப்பன்றி வளர்ப்பவர்கள், அதிலும் மூன்று வயது தாண்டிய ஆண் வைத்திருப்பவர்கள், அவசியம் இதைப் படியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று புதன். கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் எழுதாமலேயே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகள் வளர்க்கும் கினிப்பன்றியின் பெயர் மொச்சை, வயது நாலரை. இரண்டு வாரமாக அதன் கூண்டிலிருந்து ஒரு புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. விரிப்பை நாள்தோறும் மாற்றியும் வாடை போகவில்லை. மழைக்காலத்து ஈரம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் மகள் அதைத் தூக்கியபோது பின்பக்கத்து முடியில் கருமையாக, பிசினைப் போல ஏதோ ஒட்டியிருந்தது. தெருமுனையில் இருக்கும் கால்நடை மருத்துவர் நாய், பூனை மட்டுமே பார்ப்பவர்; இதை வேறிடம் கொண்டுபோங்கள் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அப்போதுதான் அந்தச் செயலியில் தேடினேன். வளர்ப்புப் பிராணிகளை வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, முடி வெட்டிவிடும் சேவைகளுக்கான செயலி அது; பெயர் வேண்டாம். ‘சிறு பிராணிகளுக்கான தனித் தேர்ச்சி பெற்றவர்’, ‘பின்புறச் சுகாதாரப் பராமரிப்பு, மூன்று வருகைகள்’ என்று போட்டிருந்தார்கள். விலை 6,000 ரூபாய், இன்றைக்கு மட்டும் 4,800. யூபிஐயில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். கட்டினேன்.

ஞாயிறு காலை 11 மணிக்கு வந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். அவரை நம்பியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் மொச்சையைத் தூக்கிய விதம். ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து, தன் மார்போடு அணைத்துப் பிடித்தார். யார் தொட்டாலும் கீச்சென்று கத்தும் மொச்சை அன்று சத்தமே போடவில்லை. இரண்டாவது, நடுவில் வந்த கைப்பேசி அழைப்பில் அவர் பேசிய தமிழ். கேட்டவுடன் தெரிந்துவிட்டது. “தங்கவயலா தம்பி?” என்றேன். “ஆமாக்கா, சாம்பியன் ரீஃப். தெனமும் ரயில்லதான் வர்றேன்” என்றார். என் அப்பா 2001இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்படும் வரை அங்கேதான் வேலை பார்த்தார். அதன் பிறகு நான் என்ன செய்தேன்? சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டேன். பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டிய இருபது நிமிடங்களில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது மொச்சை ரோஜா வாசனையோடு துண்டில் உட்கார்ந்திருந்தது. பின்முடி கத்தரிக்கப்பட்டிருந்தது. வயிற்றுப் பக்கம் ஈரமாகவே இருந்தது. “வயித்துப்போக்குக்கா, அவ்ளோதான். புல்லு, கீரை எல்லாம் நிறுத்திட்டு ரெண்டு நாள் தயிர்சாதம் குடுங்க” என்று சொல்லிவிட்டு, வெள்ளைக் காகிதம் ஒட்டிய ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து, காலையும் மாலையும் அரை மில்லி ஊற்றச் சொன்னார். அதன் மேல் பேனாவால் ‘லூஸ் மோஷன்’ என்று மட்டும் எழுதியிருந்தது. வேலை முடிந்ததைப் பதிய ஓடிபி வேண்டும் என்றார். விலங்கைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஆறு இலக்கத்தையும் வாசித்துக்காட்டினேன். 4,800 ரூபாய் என் கையைவிட்டுப் போனது பணம் கட்டியபோது அல்ல, அந்த ஆறு இலக்கத்தைச் சொன்னபோது.

மொச்சை பிழைத்தது என் மாமியாரால். குப்பியைப் பார்த்துவிட்டு, “பேரு இல்லாத மருந்தை எறும்புக்குக்கூட ஊத்தாத” என்று வாங்கி வைத்துக்கொண்டார். தயிர்சாதத்தையும் தடுத்துவிட்டார்.

திங்கள் காலை மொச்சை எதையும் தொடவில்லை. கொய்யாத் துண்டை மூக்கருகே நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரோஜா வாசனைக்கு அடியில் அதே வாடை. அத்தை அதை மடியில் மல்லாத்திப் பிடிக்க, நான் கைப்பேசி வெளிச்சம் அடித்தேன். ஆசனவாயைச் சுற்றி இருக்கும் தோல்மடிப்பு ஒரு பை போல உப்பியிருந்தது; உள்ளே நெல்லிக்காய் அளவுக்குப் பச்சைக் கறுப்பில் ஒரு உருண்டை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர் வெளியே ஒட்டியிருந்ததை மட்டும் துடைத்துவிட்டு, உள்ளே இருந்ததை அப்படியே விட்டுப் போயிருக்கிறார். பக்கத்தில் கத்தரி பட்ட கீறல் வேறு.

முயல், எலி வகைகளைப் பார்க்கும் ஒரு மருத்துவரை விசாரித்துக் கண்டுபிடித்து, ஆட்டோவில் நகரத்தின் மறுகோடிக்கு ஓடினோம். அந்த அம்மா பார்த்த உடனே சொன்னார், இது வயிற்றுப்போக்கே இல்லை, அடைப்பு. கினிப்பன்றி இரண்டு வகைப் புழுக்கை போடும். நாம் கூண்டில் பெருக்கி எடுப்பது காய்ந்த, கெட்டியான புழுக்கை. இன்னொன்று மென்மையானது, அதைக் கினிப்பன்றி தன் ஆசனவாயிலிருந்தே நேராக வாயால் எடுத்துத் தின்றுவிடும், அதில்தான் அதற்கு வேண்டிய பி வைட்டமின்கள் இருக்கின்றன. ஆண் கினிப்பன்றிக்கு வயதாக ஆக அந்த இடத்துத் தசை தளர்ந்து, மென்புழுக்கை வெளியே வராமல் பைக்குள்ளேயே தேங்கிவிடும். கெட்டிப் புழுக்கை மட்டும் எப்படியோ விழுந்துகொண்டிருப்பதால் வளர்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராது. எங்களுக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான்.

மருத்துவர் இழுக்கவும் இல்லை, கிள்ளவும் இல்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் ஒற்றியெடுத்து, எண்ணெய் தடவிய விரலால் இரு பக்கமும் மெல்ல அழுத்தினார். உருண்டை தானாக நழுவி வந்தது. மார்ச் மாதத்தில் 1,080 கிராம் இருந்த மொச்சை அன்று 940 கிராம். இந்தத் தசைத் தளர்ச்சி சரியாகிவிடாதாம்; இனி ஆயுள் முழுக்க ஓரிரு நாளுக்கு ஒருமுறை நாமே பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஈரமும் அழுக்குமாக இருக்கும் பின்புறத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்றும், அதன் பிறகு உயிரைக் காப்பாற்றுவது கடினம் என்றும் சொன்னார். ஈரத்தோடு விட்டுப் போனவரை நினைத்துக்கொண்டேன்.

பிறகு குப்பியை எடுத்துக் கொடுத்தோம். மேலே ஒட்டியிருந்த காகிதத்தை அவர் நகத்தால் உரித்தார். அடியில் அமாக்சிசிலின். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிரிகள் செத்து, கெட்டவை பெருகி, நஞ்சு பரவிச் சில நாட்களில் உயிரே போய்விடலாமாம். நாய்க்கும் மனிதருக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் மருந்து அது. 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு விஷத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று மாலையே செயலியில் புகார் போட்டேன். முதலில் இயந்திரம் பதில் சொன்னது. நான் அடைப்பு என்று எழுதினால் அது, உங்கள் கழிவுநீர்க் குழாய் சேவையைத் தேர்ந்தெடுங்கள் என்றது. இதை மிகைப்படுத்தவில்லை. பிறகு வந்த ஆள், ஓடிபி கொடுத்ததால் சேவை திருப்தியாக முடிந்ததாகவே கணக்கு என்றார். மருந்தைப் பற்றிக் கேட்டதற்கு, எங்கள் பட்டியலில் மருந்தே கிடையாது, அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம் என்றார். மூன்றாவது ஆள் மருத்துவர் சீட்டைக் கேட்டார், அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. மீண்டும் திறந்தேன். நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பதிவுக்கு 150 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். 4,800 எங்கே, 150 எங்கே? தங்கவயல் தம்பியின் எண்ணுக்கு அழைத்தால் எடுப்பதே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிந்திருக்கிறேன்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், மொச்சைக்கு ஊசிக்குழலில் உணவு கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள், அப்போதே திருப்பிப் பின்புறத்தையும் பாருங்கள். தேங்கியிருந்தால் வெதுவெதுப்பான நீர், எண்ணெய், பொறுமை, இழுக்காதீர்கள். குளிப்பாட்டினால் உடனே துவட்டி முழுதாக உலர்த்துங்கள். உலர்புல்லை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். உண்மையான வயிற்றுப்போக்கோ, சிறுநீர் கழிக்கும்போது கத்துவதோ, ரத்தமோ தெரிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். விலங்கைப் பார்க்காமல் ஓடிபி கொடுக்காதீர்கள்.

மீதி இரண்டு வருகைகளுக்குப் பணம் திரும்பாதாம். ரத்து செய்தால் அதற்கும் 300 ரூபாய் பிடிப்பார்களாம். சனிக்கிழமை காலை 11 மணிக்கு அதே ஆள் வருகிறார் என்று செயலி இப்போதும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. நான் ரத்து செய்யவில்லை. வரட்டும். காகிதம் உரித்த குப்பியை அத்தை வாசல் அலமாரியில் வைத்திருக்கிறார், இந்த முறை கதவைத் தானே திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்.